காடு வெட்டியவன் கதை கண்டிக்கு வந்த வழி



இத்தொடரைக் கேட்டுவரும் சிலர் எழுதிய கடிதங்கள் என் மேசையில் இருக்கின்றன. கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். மேல்நாட்டு நாவல்களை வாசிக்க ஆசை. எந்த ஆசிரியரில் தொடங்கலாம். நல்லவை எவை என்று ஒரு பட்டியல் தரமுடியுமா?

பட்டியலொன்றை எழுதியும் பார்த்தேன். இருபது பெயர்கள் சேர்ந்தன. திரும்ப வாசித்தபோது ஒன்று உறைத்தது. அந்த இருபது பேரில் ஒருவரைத்தானும் நான் பட்டியல் பார்த்துத் தேடிப் போனதில்லை. ஒவ்வொருவரும் யாரோ ஒருவருடைய தெரிவினால், யாரோ ஒருவருடைய கையிலிருந்து என்னிடம் வந்தவர்கள். தமிழ் வாசகனுக்கு மேல்நாட்டு நாவல் வந்து சேர்ந்த வரலாறே அப்படித்தான் இருக்கிறது. ஆகவே பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு, எமக்காக யார் யார் தெரிவு செய்தார்கள், எதைத் தெரிவு செய்தார்கள் என்பதை இன்று சொல்கிறேன். நான் கட்டுகஸ்தோட்டைக்காரன். கதை கண்டியைச் சுற்றிக்கொண்டே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தெரிவு செய்தவர்கள் கிறிஸ்தவ மிஷனரிமார். 1856இல் யாழ்ப்பாணத்தில் 'காவலப்பன் கதை' அச்சாகியது. ஹன்னா மோர் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதிய நீதிக்கதை ஒன்றின் தமிழாக்கம் அது. வீட்டைக் காக்க வேண்டிய வாயிற்காவலன் கள்வருடைய இனிய பேச்சில் மயங்கிக் கதவைத் திறந்துவிடுகிறான். வாசகன் பாவத்துக்கு அஞ்ச வேண்டும் என்பதுதான் நோக்கம். 1891இல் திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டார். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக வழங்கிவந்த இரட்டையர் கதை. ஒரு பிள்ளையைக் கரடி வளர்க்கும், மற்றது அரண்மனையில் வளரும். கேட்கச் சுவையானது. ஆனால் பால்ஸாக்கும் டிக்கன்ஸும் எழுதி மறைந்துவிட்ட காலத்தில் எமக்கு வந்து சேர்ந்தது நடுக்காலத்து வீரக்கதை என்பதைக் கவனியுங்கள்.

இவ்விரண்டுக்கும் இடையில், 1885இல், கண்டியில் வாழ்ந்த சட்டத்தரணி ஒருவர் தாமாகவே ஒரு நாவல் எழுதினார். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்திய மு. கா. சித்தி லெப்பை அவர்கள் எழுதிய 'அசன்பே சரித்திரம்' அது. கதைமாந்தர் எகிப்திலும் பம்பாயிலும் நடமாடுகிறார்கள். கண்டி வீதி எதுவும் அதில் வரவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சிறு மனக்குறை உண்டு. ஆனாலும் ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்தை எமது ஊர்ப்பக்கம் வைத்துப் பேசக்கூடிய பெருமையை அவர் தந்துவிட்டுப் போனார்.

பின்னர் தெரிவு செய்தவர்கள் வியாபாரிகள். தமிழகத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் அவருக்குப் பின் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேல்நாட்டு மர்மக் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்தார்கள். அவர்களுக்கு ஊற்றாக இருந்தவர்களில் முக்கியமானவர் ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ். 1814இல் பிறந்து 1879இல் மறைந்த இவர் டிக்கன்ஸின் காலத்தவர். அவர் நாட்டு இலக்கிய வரலாற்றில் டிக்கன்ஸுக்கு ஓர் அத்தியாயம் என்றால் இவருக்கு ஓர் அடிக்குறிப்பு. இந்தியாவிலோ டிக்கன்ஸைவிட ரெயினால்ட்ஸுக்குத்தான் வாசகர் அதிகம். மலிவுப் பதிப்பு, அரண்மனை இரகசியம், அத்தியாயத்துக்கு அத்தியாயம் திடுக்கிடல். கப்பலில் வரும் புத்தகங்களில் முதலில் விலைபோவது எதுவென்று கடைக்காரனுக்குத் தெரியாதா? தழுவலில் இலண்டன் தமிழ்நாட்டு ஊராகும், எட்வர்ட் ஏகாம்பரமாவார், மூல ஆசிரியரின் பெயர் காணாமற் போகும். வாசகன் மேல்நாட்டு நாவல் வாசிக்கிறான். ஆனால் வாசிக்கிறோம் என்று அவனுக்கே தெரியாது. இக்காலத்தை விரிவாக அறிய விரும்புவோர் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட 'தமிழ் நாவல் இலக்கியம்' நூலைப் பார்க்கலாம்.

நான் அந்தத் தழுவல்களைப் பழிக்கும் யோக்கியதை உள்ளவனல்லன். என் வாசிப்பு அங்கேதான் தொடங்கியது. 1970ஆம் ஆண்டளவில் பாடசாலைக்காகக் கட்டுகஸ்தோட்டையில் மாமாவுடைய சில்லறைக் கடையில் தங்கியிருந்தேன். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகவிருந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர், கடைப் பாக்கியை அடைத்துவிட்டு, தூக்கிக்கொண்டு போக முடியாத ஒரு தகரப் பெட்டியை மாமாவிடம் விட்டுப்போனார். பெட்டி நிறையப் புத்தகம். ஆரணியாரும் வடுவூராரும் மேலே இருந்தார்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்து ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் விழுங்கினேன். அடியில், அட்டை கிழிந்த நிலையில், ஒரு தடித்த புத்தகம் கிடந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன்பு எமது ஊருக்கே வந்து போன இரண்டு மேல்நாட்டு நாவலாசிரியர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருவர் லெனார்ட் வுல்ஃப். 1904 டிசம்பரில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய இந்த இருபத்துநான்கு வயது இளைஞர், வோல்டேரின் நூல்களைத் தொண்ணூறு தொகுதிகளாகக் கட்டிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு நாய். யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்த்துத் தமிழ் கற்றார். 1907இல் கண்டிக் கச்சேரிக்கு மாற்றம். இங்கே ஓராண்டு. போகம்பறைச் சிறையில் தூக்குத்தண்டனை நிறைவேற்றும்போது உடன்நிற்பதும் அவருடைய கடமைகளில் ஒன்றாக இருந்தது. அந்தக் காலை நேரங்கள் அவர் மனத்தை விட்டு நீங்கவேயில்லை என்பது 1961இல் வெளியான அவருடைய சுயசரிதைப் பகுதியை வாசித்தால் விளங்கும். 1908இல் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போனார். 1911இல் நாடு திரும்பி, பதவியைத் துறந்து, வேர்ஜீனியாவை மணந்து, 1913இல் 'காட்டினுள்ளே கிராமம்' என்று நாம் சொல்லக்கூடிய தலைப்பில் தமது இலங்கை நாவலை வெளியிட்டார். சிங்களத்தில் 'பெத்தேகம' என்று அறியப்படுவது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980இல் படமாக்கியது.

மற்றவர் டி. எச். லோரன்ஸ். 1922 மார்ச்சில் வந்து, கண்டியில் குன்றின் மேலுள்ள ஒரு பங்களாவில் அமெரிக்க நண்பர்களான புரூஸ்டர் தம்பதியினருடன் ஆறு வாரம் தங்கினார். வெக்கை ஒத்துக்கொள்ளவில்லை, இரவில் காட்டுச் சத்தம் தூங்கவிடவில்லை, ஏப்ரல் முடிவதற்குள் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார். வேல்ஸ் இளவரசருக்காக அப்போது நடத்தப்பட்ட விசேட பெரஹராவைக் கண்டு அவர் எழுதிய நெடுங்கவிதையில் எமது ஆற்றோரமும் யானைகளும் வருகின்றன. மேடையில் சோர்ந்து வெளிறிப்போய் நிற்கும் இளவரசர். கீழே அவரை வணங்கிச் செல்லும் பெரும் யானைகள். யார் பெரியவர் என்ற கேள்வியைக் கேட்காமலே கேட்டுவிடுகிறார். அந்த ஆறு வாரமும் கண்டி வராந்தாவில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலை என்ன தெரியுமா? மொழிபெயர்ப்பு. சிசிலியின் ஏழை விவசாயிகளைப் பற்றி எழுதிய ஜியோவன்னி வெர்காவை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். தான் நேசித்த ஓர் ஆசிரியரைத் தன் மொழி வாசகனுக்குத் தெரிவு செய்து கொடுக்கும் வேலை எமது ஊரிலேயே நடந்தது. ஆனால் எமக்காக அல்ல.

அதே லோரன்ஸின் நாவல் பின்னர் இலங்கையில் ஒரு கவிஞனைத் தேடிப் போனது. 1929இல் கொழும்பில் சிலி நாட்டுக் கொன்சலாக இருந்த பாப்லோ நெருடா, வெள்ளவத்தையில் தனியாக வாழ்ந்தார். புகைப்படக் கலைஞரும் பியானோ வித்தகருமான லயனல் வென்ட் வாரந்தோறும் ஒரு சாக்கு நிறையப் புத்தகங்களைச் சைக்கிள்காரர் ஒருவர் மூலம் அவருக்கு அனுப்புவாராம். புளோரன்ஸ் நகரில் தனிப்பட அச்சான 'லேடி சாட்டர்லியின் காதலன்' முதற்பதிப்பும் அப்படி வந்ததுதான் என்று நெருடா தமது நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். நோபல் பரிசு பெறப்போகும் கவிஞனுக்கே ஒரு சைக்கிள்காரர் தேவைப்பட்டிருக்கிறார்!

எமக்கும் ஒருவர் வந்தார். க. நா. சுப்ரமண்யம், அதாவது க. நா. சு.

1912இல் பிறந்து 1988இல் மறைந்த இவர் செய்த காரியத்தின் பெறுமதி இன்னும் முழுவதாக உணரப்படவில்லை என்பது என் எண்ணம். அவருக்கு முன்பே புதுமைப்பித்தன் தழுவலைக் கடுமையாக எதிர்த்து, மொழிபெயர்ப்பே நேர்மை என்று வாதாடியிருந்தார். க. நா. சு. அந்த வாதத்தை நாவலுக்குக் கொண்டுபோனார். ஆங்கிலம் கற்ற இந்தியர் பெரும்பாலும் ஆங்கிலேயரையே தேடி வாசித்த காலத்தில் அவர் வேறு திசையில் பார்த்தார். நோர்வேயிலிருந்து நட் ஹாம்சனின் 'நிலவளம்'. சுவீடனிலிருந்து ஸெல்மா லாகர்லெவின் 'மதகுரு', பேர் லாகர்குவிஸ்ட்டின் 'அன்பு வழி'. பிரான்சிலிருந்து ரோஜர் மார்ட்டின் டு கார்டின் 'தபால்காரன்'. ஆங்கிலத்திலிருந்து எடுத்தபோதும் ஜோர்ஜ் ஓர்வெலின் 'விலங்குப் பண்ணை'. எல்லாம் ஆங்கிலவழி மொழிபெயர்ப்புகள்தாம். அவசரத்தில் செய்தது தெரியும் இடங்களும் உண்டு. ஆயினும் தெரிவு அவருடையது. மிஷன் சொல்லி அல்ல, கடைக்காரன் கேட்டு அல்ல. ஒரு வாசகன் தனக்குப் பிடித்ததைப் பக்கத்து வீட்டு வாசகனுக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தார். 'உலகத்துச் சிறந்த நாவல்கள்' என்ற நூலில் தாம் மொழிபெயர்க்காதவற்றையும் அறிமுகம் செய்து வைத்தார். பட்டியல் கேட்ட நேயர்களுக்கு என் பதில் அந்த நூல்தான்.

தகரப் பெட்டியின் அடியில் கிடந்த தடித்த புத்தகம் 'நிலவளம்'.

முதல் பத்துப் பக்கத்தில் திடுக்கிடல் ஒன்றும் இல்லை. ஐசக் என்று ஒருவன் காட்டுக்குள் தனியே நடக்கிறான். நல்ல மண்ணும் தண்ணீரும் உள்ள இடத்தில் நிற்கிறான். மரம் வெட்டுகிறான், ஆடு வளர்க்கிறான், குடிசை போடுகிறான். உதடு பிளந்த ஒரு பெண், இங்கர், வந்து சேர்கிறாள். ஆரணியாருக்குப் பழகிய எனக்கு எரிச்சலாக இருந்தது. விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனபோது, வேறு புத்தகம் கையில் இல்லாததால், லயத்து வாசலில் உட்கார்ந்து தாத்தாவுக்கு அதை உரக்க வாசித்துக் காட்டினேன். தாத்தாவுக்கு எழுத்து வாசனை இல்லை. மூன்று நாள் வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டார். பிறகு என்னை நிறுத்தினார்.

"ஏப்பா, காடு வெட்டுறான், சரி. வீடு கட்டுறான், சரி. உறுதி யாரு பேருல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தொடர்ந்து வாசித்தேன். சில பக்கங்களில் கைஸ்லர் என்ற அதிகாரி வருகிறார். இது அரசாங்கக் காணி, நீ விலை கொடுத்து எழுதி வாங்க வேண்டும் என்கிறார். ஐசக் திகைக்கிறான், காட்டுக்கு விலையா? கைஸ்லர் ஒரு விசித்திரமான மனிதர். மதிப்பைக் குறைத்துப் போட்டு, மேலிடத்துக்கு எழுதி, காணி அவனுக்கே கிடைக்கும்படி செய்துவிடுகிறார். தாத்தா எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, "நமக்கு அப்படி ஒரு தொரை வரலையே" என்றார். அவ்வளவுதான்.

அவருடைய பாட்டனார் காலத்தில் வெட்டிய காடு அந்த மலை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டது. மீதி ஒன்றரை இலட்சம் பேர் பின்னர் பார்க்கப்படுவார்கள். தாம் எந்தக் கணக்கில் என்று அறியாமல் இருந்த மனிதர், நோர்வேயில் 1917இல் வெளியான ஒரு நாவலிடம் சரியான கேள்வியைக் கேட்டார். நாவலிடம் அதற்கு இடமிருந்தது. ஹாம்சனுக்கு 1920இல் நோபல் பரிசு கிடைத்த செய்தி எனக்கு வெகுகாலத்தின் பின்னரே தெரியும். முதுமையில் அவர் நாஜிகளை ஆதரித்து, அந்தப் பதக்கத்தையே கோயபல்ஸுக்குக் கொடுத்தார் என்பது இன்னும் பிந்தித் தெரிந்தது. அதைக் கேட்டபோது தாத்தாவுக்கு இதைச் சொல்ல வேண்டி வரவில்லையே என்று ஆறுதலடைந்தேன்.

வுல்ஃபின் நாவலை நான் பின்னர் ஆங்கிலத்தில், அகராதியின் துணையோடு வாசித்தேன். வாசித்தபோது 'நிலவளம்' பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டுக்கும் இடையில் நான்கே ஆண்டுகள். அங்கும் காடு, இங்கும் காடு. ஐசக்குக்குக் காடு நிலமாகிறது; சிலிந்துவின் கிராமத்தைக் காடு விழுங்கிவிடுகிறது. வேற்றுமை மண்ணில் இல்லை. ஐசக்குக்குக் கைஸ்லர் வந்தார். சிலிந்துவுக்கு வாய்த்தவர் கிராமத் தலைவர். அவர் சேனை வெட்டும் அனுமதிச் சீட்டைக் கொடுக்க மறுத்தே ஒரு குடும்பத்தைப் பட்டினி போடுகிறார். அனுமதிச் சீட்டில் கையெழுத்திடும் வர்க்கத்தைச் சேர்ந்த ஒருவரே அதை எழுதினார் என்பதுதான் அந்நாவலின் வியப்பு. ஹாம்சனை முன்பே வாசிக்காதிருந்தால் வுல்ஃபை 'ஒரு வெள்ளைக்காரர் எழுதிய இலங்கைக் கதை' என்று தாண்டிப் போயிருப்பேன். க. நா. சு. தெரிவு செய்த நூல் எனக்கு எமது நாட்டு நூலைக் காட்டித் தந்தது.

மொஸ்கோ புத்தகங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் நேயர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். இங்கே தெரிவு செய்தது ஓர் அரசாங்கம். முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் ராதுகாவும் கெட்டி அட்டையில், மண்ணெண்ணெய் விலைக்கு, டால்ஸ்டாயையும் லெர்மன்தவையும் தமிழில் தந்தன. ரா. கிருஷ்ணய்யாவின் 'புத்துயிர்ப்பு', பூ. சோமசுந்தரத்தின் 'நம் காலத்து நாயகன்' ஆகியவை மூலத்தின் மொழியை அறிந்த நாட்டிலிருந்தே வந்தவை. 1970 - 77 ஆட்சியில் இந்திய நூல்களும் சஞ்சிகைகளும் இங்கு வருவது கட்டுப்படுத்தப்பட்டபோது கண்டித் தமிழ் வாசகனைக் காப்பாற்றியவை இவையே. அரசாங்கத்தின் தெரிவுக்குள் அரசாங்கம் விரும்பாதவை இடம்பெறவில்லை என்பதும் உண்மை. 1991இல் அந்த நாடு கலைந்தபோது கடையும் கலைந்தது. அதற்குப் பத்து ஆண்டு முன்பு, 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்டதை இங்கு விரித்துப் பேச எனக்கு மனமில்லை.

வேடிக்கை என்னவென்றால், லெனார்ட் வுல்ஃபும் வேர்ஜீனியாவும் நடத்திய ஹோகார்த் அச்சகம் 1920இல் கோர்க்கியின் டால்ஸ்டாய் நினைவுகளை ஆங்கிலத்தில் வெளியிட்டது. கண்டிக் கச்சேரியில் கோப்புப் புரட்டிய மனிதர் தம்மவருக்கு ரஷ்யரை அறிமுகம் செய்தவர்களுள் ஒருவரானார்.

எமது பக்கத்திலும் ஒருவர் இருந்தார். கண்டிக்கு அண்மையில், தலாத்துஓயாவில் வாழ்ந்த கே. கணேஷ். 1946இல் கே. இராமநாதனுடன் சேர்ந்து 'பாரதி' இதழை நடத்தியவர். முல்க் ராஜ் ஆனந்தின் நாவலைத் 'தீண்டாதான்' என்று தமிழாக்கினார். சீனத்து லூ சுன், வியட்நாமின் ஹோ சி மின், ஹங்கேரியின் பெட்டோஃபி என்று அவருடைய தெரிவு போனது. 2004இல் மறையும்வரை மலைநாட்டிலிருந்தபடியே உலகத்தோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். மேற்கு என்றால் இலண்டன் மட்டுமல்ல என்று எனக்கு உணர்த்தியவர்களில் இவரும் ஒருவர். அவருடைய மொழிபெயர்ப்புகள் மறுபடி அச்சேற வேண்டும்.

இப்போது கடைகளில் மொழிபெயர்ப்பு நாவல்களுக்குக் குறைவில்லை. தஸ்தயெவ்ஸ்கியை எம். ஏ. சுசீலா 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' என்று தந்திருக்கிறார். குறைவு இல்லாததால்தான் உங்கள் கேள்வி பிறக்கிறது. நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் அட்டையில் மொழிபெயர்ப்பாளரின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் திரும்ப வைத்துவிடுவேன். முழு நூலா, சுருக்கமா என்று உள்ளே தேடுவேன். கடையில் நின்றபடியே நடுப்பக்கம் ஒன்றை வாசிப்பேன். முதற்பக்கத்தை எவரும் கவனமாகச் செய்வார்கள். பிடித்த ஆசிரியர் கிடைத்தால் அவர் யாரை வாசித்தார் என்று விசாரிப்பேன். லோரன்ஸிடமிருந்து வெர்காவுக்கு நான் போனது அப்படித்தான்.

அந்த அட்டை கிழிந்த 'நிலவளம்' இப்போது என்னிடம் இல்லை. 1979இல் தலைமன்னாரில் கப்பலேறிய நண்பர் ஒருவர், வழியில் வாசிக்க ஏதாவது தா என்று கேட்டு வாங்கிப் போனார். முதற்பக்கத்தில் கணக்கப்பிள்ளையின் பெயர், அதற்குக் கீழே என் பெயர், அதற்குக் கீழே, புகையிரத மேடையில் வைத்து நான் பேனா கொடுக்க, அவருடைய பெயர். நீலகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் குடியேறியதாகக் கேள்வி. நாலாவது பெயர் யாருடையது என்று அறிய ஆசை.